எம்எஃப்ஏ: பக்கத்துலயா, பரோடாவா, ஃபாரினா, இல்ல ஊர்லயே இருந்து வரையறதா?

"அக்கா, பிஎஃப்ஏ முடியப்போகுது, எம்எஃப்ஏ சேரட்டுமா, சேர்ந்தா எங்க சேர?" ஓவியம், சிற்பம் படிக்கற பிஎஃப்ஏ டிகிரியோட ஃபைனல் இயர் டிஸ்ப்ளே (கடைசி வருஷக் கண்காட்சி) நெருங்குற மாசத்துல, அதுக்கு மேல இருக்கற எம்எஃப்ஏங்கற மாஸ்டர்ஸ் பத்தி இந்தக் கேள்வி எனக்கு வந்துட்டே இருக்கும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம்னு நம்ம தமிழ்நாடு-கேரளா பார்டர் ஊருங்கள்ல இருந்து கேக்கற பசங்க, பொண்ணுங்க. வீட்ல தமிழ், ரேஷன் கார்டு கேரளா, பள்ளிக்கூடம் தமிழ் மீடியம், பிஎஃப்ஏ சென்னையிலயோ கும்பகோணத்துலயோ திருவனந்தபுரத்துலயோ. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொன்னத இங்க மொத்தமா எழுதிடறேன், ஏன்னா போன்ல பேசும்போது பாதி விட்டுப்போகுது, முக்கியமா காசு விஷயம்.

நான் பிஎஃப்ஏ முடிச்சுட்டு மூணு வருஷம் வேலை பாத்தேன், பொள்ளாச்சில ஒரு ஃப்ளெக்ஸ் கடைல டிசைனிங், அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துல டிராயிங் டீச்சர், அதுக்கப்புறம்தான் வடக்க போயி பிரின்ட்மேக்கிங்ல (பிளேட்டுலயும் கட்டைலயும் படம் செதுக்கி அச்சு எடுக்கற கலை) மாஸ்டர்ஸ் பண்ணேன். இப்ப ஊர்லதான் இருக்கேன். தோப்புக்குள்ள தேங்கா போட்டு வைக்கிற ஷெட்டுல பாதி என் ஸ்டுடியோ, மீதி பாதில தேங்காயேதான்.

## எத வச்சு எடை போடறது

காலேஜ் பேர பாக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன கொறையுதுன்னு பாருங்க. ஸ்டுடியோ ஆர்ட்ல மாஸ்டர்ஸ்ங்கறது நாலு விஷயம் குடுக்கும்: ரெண்டு வருஷம் வேற வேலை பாக்காம வரைய நேரம், ஒரு சுவரும் மெஷினும் இருக்கற இடம், உங்க வேலைய நேருக்கு நேரா பாத்து கேள்வி கேக்கற ஆளுங்க, அப்புறம் ஒரு பேப்பர், அதாவது டிகிரி. இந்த நாலும் எல்லா இடத்துலயும் ஒரே அளவு கெடைக்காது. ஒருத்தருக்கு பேப்பர்தான் வேணும், அவரு ஃபாரின் போயி கடன் ஆகறது தேவையே இல்ல. இன்னொருத்தருக்கு பேப்பர் பத்தி கவலையே இல்ல, ஆனா வீட்ல ஆறடி கேன்வாஸ் சாத்தி வைக்க சுவர் இல்ல, அவருக்கு வேணுங்கறது டிகிரியா வாடகை ரூமான்னு யோசிக்கணும்.

பேப்பர் எதுக்கு உதவும்னு தெளிவா சொல்லிடறேன். காலேஜ்ல அசிஸ்டென்ட் புரொஃபஸர் ஆகணும்னா மாஸ்டர்ஸ்ல 55 சதவீதம், அதோட நெட்ங்கற தேசிய தகுதிப் பரீட்சை. எஸ்சி, எஸ்டி, ஓபிசி நான் கிரீமிலேயர்னா 50 போதும். விஷுவல் ஆர்ட் சப்ஜெக்ட்டோட கோடு 79, வருஷத்துக்கு ரெண்டு தடவ நடக்கும், ஃபைனல் இயர்லயே எழுதலாம். அதே பரீட்சைல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கெடைச்சா பிஎச்டி சேர்ந்து மாசம் 37,000 ரூவா ஃபெல்லோஷிப்போட வேலை பண்ணலாம், அதுக்கு மட்டும் 30 வயசு வரம்பு இருக்கு, பொண்ணுங்களுக்கும் ரிசர்வேஷன்ல வர்றவங்களுக்கும் அஞ்சு வருஷம் தளர்வு. வெறும் நெட்டுக்கு வயசு வரம்பு கெடையாது. எம்எஃப்ஏ, எம்விஏ (மாஸ்டர் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ்) ரெண்டும் இந்தக் கணக்குல ஒண்ணுதான், பேரு வேறயா இருக்குன்னு பயப்பட வேண்டாம். கேலரிக்காரங்களோ உங்க படத்த வாங்க வர்றவங்களோ டிகிரி சர்டிஃபிகேட்ட கேட்டு நான் பாத்ததே இல்ல.

அடுத்தது காசு. ஃபீஸ மட்டும் பாத்து முடிவெடுக்காதீங்க. என் ரெண்டு வருஷத்துல ஃபீஸவிட அதிகமா செலவானது மெட்டீரியலுக்குதான், ஜிங்க் பிளேட், பேப்பர், இங்க், ஆசிட். அதுக்கப்புறம் ஃபைனல் டிஸ்ப்ளேக்கு ஃப்ரேம் போட்டது, அத ஊருக்குக் கொண்டுவந்தது, ஹாஸ்டல் கெடைக்காத ஆறு மாசம் வெளிய எடுத்த ரூம் வாடகை. சிற்பம் பண்றவங்களுக்கு இன்னும் கஷ்டம், ரெண்டு வருஷத்து வேலைய லாரில ஏத்தணும் இல்லன்னா அங்கயே விட்டுட்டு வரணும், விட்டுட்டு வந்தவங்களதான் நான் அதிகமா பாத்திருக்கேன்.

கடைசியா ஒண்ணு, இத யாருமே கேக்கறதில்ல, ஆனா எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்: படிச்சு முடிச்சு ஊருக்கு வந்தப்புறம் அந்த வேலைய தொடர முடியுமா? எட்சிங் பண்ண பிரஸ் வேணும், லித்தோகிராஃப்க்கு கல்லு வேணும், செராமிக்ஸ்க்கு சூளை வேணும், வெண்கலத்துக்கு வார்ப்புப் பட்டறை வேணும். காலேஜ்ல இதெல்லாம் இருக்கும், ரெண்டு வருஷம் கை நல்லாப் பழகும், ஊருக்கு வந்து எறங்கின அடுத்த வாரம் கை சும்மா இருக்கும். நான் அப்படி ஒண்ணரை வருஷம் சும்மா இருந்தேன். அப்புறம்தான் மரக்கட்டைல செதுக்கி ஸ்பூனால தேச்சு பிரின்ட் எடுக்க ஆரம்பிச்சேன், பிரஸ்ஸே வேண்டாம், தோப்புல பழைய பலகைக்குப் பஞ்சமில்ல. இத நான் காலேஜ்ல இருக்கும்போதே யோசிச்சிருந்தா அந்த ஒண்ணரை வருஷம் வீணாகியிருக்காது. எந்த ஸ்பெஷலைசேஷன் எடுத்தாலும் அதுல மெஷின் இல்லாம பண்ற ஒரு வழியையாவது அங்க இருக்கும்போதே கத்துக்கிட்டு வாங்க. சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938ல பெங்கால்ல இருக்கற சாந்திநிகேதன்ல சாந்தால் குடும்பம் சிற்பத்த சிமெண்டும் செம்மண் சரளையும் வச்சுத்தான் பண்ணாரு. அந்த மாதிரி செம்பாறை நம்ம பாலக்காட்டுப் பக்கமும் இருக்கு.

## ஒண்ணு: பக்கத்துல இருக்கற காலேஜ்

நம்ம ஊருக்குப் பக்கம்னா ரெண்டு திசை. கேரளாப் பக்கம் திருவனந்தபுரம் காலேஜ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், 1881ல ஆரம்பிச்சது, காலடில சங்கராச்சாரியார் சமஸ்கிருத யுனிவர்சிட்டி. தமிழ்நாட்டுப் பக்கம் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள், சென்னை காலேஜ் 1850ல இருந்து இருக்கு, தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் பிரின்ஸிபாலா இருந்த எடம். பணிக்கர் அவரு மாணவர்களோட சேர்ந்து 1966ல சோழமண்டலம் கலைஞர் கிராமத்த ஆரம்பிச்சாரு, அது இன்னும் ஈஞ்சம்பாக்கத்துல இருக்கு, போய்ப் பாக்காதவங்க ஒரு தடவ போயிட்டு வாங்க.

காசு கணக்குல இதுதான் லேசு. அரசு ஃபீஸ், ராத்திரி ட்ரெயின் ஏறினா காலைல வீடு, வேலைய ஊருக்குக் கொண்டுவர்றதும் சுலபம். ஆனா நம்ம பார்டர் பசங்களுக்கு ஒரு தனி சிக்கல் இருக்கு, இத முன்னாடியே சொல்லிடறேன். கேரளா அட்ரஸ் இருந்தா தமிழ்நாட்டு அரசு காலேஜ்ல நீங்க வெளிமாநிலம், அங்க உங்க ஜாதி ரிசர்வேஷன் செல்லாது, ஓப்பன் கேட்டகரில தான் வைப்பாங்க. கேரளாவுல சேர்ந்தா ரிசர்வேஷன் உண்டு, எஸ்சி எஸ்டி பசங்களுக்கு கேரளா அரசோட இ-கிராண்ட்ஸ் திட்டத்துல ஃபீஸ் சலுகையும் உண்டு, ஆனா வில்லேஜ் ஆபீஸ்ல நேட்டிவிட்டி சர்டிஃபிகேட்டும் ஜாதி சர்டிஃபிகேட்டும் கையில இருக்கணும், நம்ம ஆளுங்க நெறைய பேரு டிசி தமிழ்நாடு, வீடு கேரளான்னு கலந்து வச்சிருப்பாங்க, அப்ளிகேஷன் கடைசித் தேதிக்கு முந்தின வாரம் வில்லேஜ் ஆபீஸ் வாசல்ல நின்னு அழுதவங்கள எனக்குத் தெரியும். ஏப்ரல்லயே வாங்கி வச்சுருங்க.

மொழி விஷயத்துல திருவனந்தபுரம் நமக்கு கஷ்டமில்ல, மலையாளம் பேச வரும். எழுதறதுல தடுமாறினாலும் தியரி பேப்பர் இங்கிலீஷ்ல எழுதிக்கலாம்.

கொற என்னன்னா, பிஎஃப்ஏவும் எம்எஃப்ஏவும் ஒரே காலேஜ்ல பண்ணா அதே சார், அதே சுவர், அதே ஃப்ரெண்ட்ஸ். உங்க வேலைய அவங்க ஏற்கனவே நாலு வருஷமா பாத்தாச்சு, "இவன் இப்படித்தான்"னு ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க, நீங்களும் அவங்களுக்குப் புடிச்ச மாதிரி வரையக் கத்துக்கிட்டீங்க. ஜூரில, அதாவது வாத்தியாருங்க உக்காந்து உங்க வேலைய பாத்துப் பேசறப்ப, புதுசா ஒரு கேள்வி வராது. நான் பிஎஃப்ஏ படிச்ச எடத்துல எல்லாருமே கடைசி வருஷம் கிட்டத்தட்ட ஒரே கலர்ல வரைஞ்சுட்டு இருந்தோம், அது எங்களுக்கே தெரியல, வெளிய போயி நின்னு பாத்தப்பதான் தெரிஞ்சுது.

அப்ப யாருக்கு இது சரி? டீச்சிங் லைன்தான்னு முடிவு பண்ணவங்களுக்கு, வீட்ல அப்பா அம்மாவ பாத்துக்கணும்னு இருக்கறவங்களுக்கு, ஏற்கனவே சின்னதா ஆர்டர் வாங்கி வரையற கமிஷன் வேலை ஓடிட்டு இருக்கு அத விட முடியாதுன்னு இருக்கறவங்களுக்கு. ஆனா பிஎஃப்ஏ பண்ண காலேஜ விட்டு வேற காலேஜ்க்கு மாறுங்க, சென்னைல படிச்சவங்க திருவனந்தபுரம் பாருங்க, திருவனந்தபுரத்துல படிச்சவங்க சென்னையோ காலடியோ பாருங்க.

## ரெண்டு: பரோடா, சாந்திநிகேதன், ஹைதராபாத்

நான் இந்தப் பக்கம் சாய்ஞ்சவ, அத மறைக்கல. அதனால நல்லதும் கெட்டதும் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பாலக்காட்டுல கல்பாத்தி தேர் பாக்கப் போயிருப்பீங்க. அந்தக் கல்பாத்திய பேர்லயே வச்சிருந்தவரு ஒருத்தர், கல்பாத்தி கணபதி சுப்ரமணியன், கே.ஜி. சுப்ரமணியன்னு சொன்னா ஆர்ட் படிச்ச எல்லாருக்கும் தெரியும். பொறந்தது 1924ல கூத்துபறம்புல, நம்மள மாதிரி கேரளாவுல தமிழ் பேசற குடும்பம். சென்னை பிரசிடென்ஸி காலேஜ்ல எக்கனாமிக்ஸ் படிச்சிட்டு இருந்தவரு சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போனாரு, அரசு காலேஜ்ல இனிமே சேர முடியாதுன்னு ஆச்சு, 1944ல சாந்திநிகேதன் கலாபவன் போனாரு. அங்க நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர்தான் வாத்தியாருங்க. அப்புறம் 1951ல குஜராத்ல இருக்கற பரோடாவுல சொல்லிக்குடுக்கச் சேர்ந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் இருந்தாரு, 1980ல திரும்ப சாந்திநிகேதனுக்கே வாத்தியாரா போனாரு. துணி, டெரகோட்டா, பொம்மை, கண்ணாடி ஓவியம், சுவர் ஓவியம்னு அவரு தொடாதது இல்ல. நம்ம ஊரு ரத்தம் ரெண்டு காலேஜ்லயும் ஓடுதுன்னு நெனைக்கும்போதே எனக்கு ஒரு சந்தோஷம்.

அவருக்கப்புறமும் அந்தப் பாதைல ஆளு போயிட்டேதான் இருந்தாங்க. திருவனந்தபுரத்துல படிச்ச என்.என். ரிம்சன் பரோடா போயி, அப்புறம் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் போனாரு. கே.பி. கிருஷ்ணகுமார் திருவனந்தபுரம் முடிச்சு சாந்திநிகேதன் போனாரு, 1987ல பரோடாவுல அவரு முன்ன நின்ன ராடிக்கல் குரூப்ங்கற கலைஞர் கூட்டம் கண்காட்சி வச்சப்ப அதுல பெரும்பாலும் மலையாளிப் பசங்கதான். இத ஏன் சொல்றேன்னா, தெற்க இருந்து வெளிய போனவங்க அங்க போயி வேலைய மாத்தினாங்க, ஆனா ஊர மறக்கல. வெளிய போனா நம்ம அடையாளம் போயிடும்னு பயப்படறவங்க இத யோசிச்சுப் பாருங்க.

பரோடா எம்எஸ் யுனிவர்சிட்டி ஃபைன் ஆர்ட்ஸ் ஃபேகல்டி 1950ல ஆரம்பிச்சது. பெயின்டிங், சிற்பம், பிரின்ட்மேக்கிங், ஆர்ட் ஹிஸ்டரி எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள, ஆர்ட் ஹிஸ்டரிப் பசங்க உங்க ஸ்டுடியோவுக்குள்ள வந்து நின்னு "ஏன் இப்படிப் பண்ண"ன்னு கேப்பாங்க, அது மொதல்ல எரிச்சலா இருக்கும், ஆறு மாசத்துல அது இல்லாம வேலை ஓடாது. படிச்சு முடிச்சப்புறமும் அந்த ஊர்லயே பத்துப் பேரு சேர்ந்து வாடகைக்கு ஸ்டுடியோ எடுத்து இருப்பாங்க, அந்தக் கூட்டம்தான் பரோடாவோட பெரிய சொத்து. கொற, ஹாஸ்டல் கெடைக்கலன்னா வாடகை, அப்புறம் ஏப்ரல் மே வெயில், பாலக்காட்டு வெயில் பழகினவங்களையே அது படுத்திடும். போறதுக்கு ஷொரணூர் போயி கொங்கண் வழியா போற ட்ரெயின் புடிச்சா ரெண்டு ராத்திரி கணக்கு வச்சுக்கோங்க.

சாந்திநிகேதன் வேற மாதிரி. தாகூர் 1919ல ஆரம்பிச்ச கலாபவன், மரம், மண்ணு, வெளிய நிக்கற சிற்பங்க, சுவரெல்லாம் மியூரல். மெதுவா வேலை பண்றவங்களுக்கு, இயற்கையோட வேலை பண்றவங்களுக்கு, கைத்தொழில் பக்கம் ஆசை இருக்கறவங்களுக்கு அது சொர்க்கம். ஆனா பேச்சு பூரா பெங்காலி, கிளாஸ் முடிஞ்சு டீக்கடைல உக்காந்தா நீங்க தனி ஆளு. போல்பூர் போக ஹௌரா போயி மாறணும். தனியா இருக்க முடியாதவங்க இத யோசிச்சுக்கோங்க, ஏன்னா அங்க மொதல் மூணு மாசத்துல மூட்டை கட்டிட்டு வந்த ஒரு பையன எனக்குத் தெரியும், அவன் வேலை நல்லாதான் இருந்துச்சு.

ஹைதராபாத் சென்ட்ரல் யுனிவர்சிட்டிய நம்ம ஆளுங்க அதிகமா நெனைக்கறதே இல்ல, அது தப்பு. சரோஜினி நாயுடு ஸ்கூல்ல பெயின்டிங், பிரின்ட்மேக்கிங், சிற்பம் எல்லாத்துக்கும் எம்எஃப்ஏ இருக்கு, சீட்டு கம்மி, அதனால ஒவ்வொருத்தர் வேலையும் சார்ங்க உக்காந்து பாப்பாங்க. சென்ட்ரல் யுனிவர்சிட்டி, கேம்பஸ்க்குள்ளயே ஹாஸ்டல், இங்கிலீஷ்ல ஓட்டிக்கலாம், பாலக்காட்டுல சபரி எக்ஸ்பிரஸ் ஏறினா நேரா செகந்திராபாத். காசு, தூரம், மொழி மூணையும் ஒண்ணா வச்சுப் பாத்தா நம்ம பக்கத்துப் பசங்களுக்கு நான் மொதல்ல சொல்றது இதுதான்.

மூணுலயுமே மறைஞ்சிருக்கற செலவு ஒண்ணு இருக்கு, இன்டர்வியூ. போர்ட்ஃபோலியோவோட நேர்ல வரச்சொன்னா, போக வர ட்ரெயின், லாட்ஜ், பிரின்ட் அவுட், ஒரிஜினல் வேலை சுருட்டின டியூப் தூக்கிட்டு ரெண்டு நாள் பயணம், மூணு காலேஜ்க்கும் இப்படி அலைஞ்சா அதுவே ஒரு செமஸ்டர் மெட்டீரியல் காசு. அதனால ரெண்டுக்கு மட்டும் ஒழுங்கா தயார் பண்ணுங்க. அட்மிஷன் முறை வருஷத்துக்கு வருஷம் மாறும், போன வருஷம் போன சீனியர் சொன்னத நம்பாம அந்த வருஷத்து நோட்டிஃபிகேஷன நீங்களே படிங்க.

இன்னொண்ணு, பேரு பெருசா இருக்கற எடத்துலயும் மெஷின் ரிப்பேராகிக் கெடக்கும். நான் படிச்ச எடத்துல ஒரு செமஸ்டர் முழுக்க பெரிய பிரஸ் ஓடல, ஸ்பேர் வரும் வரும்னு நாலு மாசம் போச்சு, அந்த வருஷத்து என் பிளேட்டெல்லாம் பிரின்ட் ஆகாமலே கெடந்துச்சு. சேர்றதுக்கு முன்னாடி இப்ப அங்க படிக்கற ஒருத்தர்கிட்ட போன் போட்டு "எந்த மெஷின் இப்ப ஓடுது"ன்னு கேளுங்க, வெப்சைட் போட்டோவப் பாக்காதீங்க.

## மூணு: வெளிநாடு

அமெரிக்காவுல எம்எஃப்ஏ பெரும்பாலும் ரெண்டு வருஷம், சில எடத்துல மூணு. அங்க ஸ்டுடியோ ஆர்ட்ல அதுதான் கடைசி டிகிரியா எடுத்துக்கறாங்க, காலேஜ்ல சொல்லிக்குடுக்க அதுவே தகுதி. பெரிய பிரைவேட் ஆர்ட் ஸ்கூல்னா டியூஷன் மட்டும் வருஷத்துக்கு 50,000 டாலருக்கு மேல. சாப்பாடு, வாடகை தனி. இத எஜுகேஷன் லோன்ல போடலாம்னு ஏஜென்ட் சொல்லுவாரு. தயவுசெஞ்சு போடாதீங்க. இன்ஜினியரிங் படிக்கப் போறவன் வாங்கற லோனும் இதுவும் ஒண்ணு இல்ல. அவனுக்கு படிச்சு முடிச்சப்புறம் ஓபிடிங்கற விசா அனுமதில ஒரு வருஷமும் அதுக்கு மேல ஸ்டெம் (சயின்ஸ், டெக்னாலஜி மாதிரி படிப்பு) எக்ஸ்டென்ஷன்ல ரெண்டு வருஷமும் வேலை பாக்க அனுமதி கெடைக்கும், ஸ்டுடியோ ஆர்ட் ஸ்டெம் லிஸ்ட்ல இல்ல, நமக்கு ஒரு வருஷம்தான், அந்த ஒரு வருஷத்துல படம் வித்து லோன் அடைக்கறதெல்லாம் நடக்கற கதை இல்ல. தோப்ப அடகு வச்சு போறேன்னு ஒரு தம்பி சொன்னான், அவங்க அப்பாகிட்ட நானே நேர்ல போயி பேசினேன்.

ஆனா கதவு மூடல. அங்க ஸ்டேட் யுனிவர்சிட்டிங்க சிலதுல டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப் குடுத்து ஃபீஸ தள்ளுபடி பண்ணி மாசச் சம்பளமும் குடுப்பாங்க, பேரு பெருசா இருக்காது, ஊரு சின்னதா இருக்கும், ஸ்டுடியோ மட்டும் பெருசா இருக்கும். முழு ஃபண்டிங் லெட்டர் கையில வந்தா கண்ண மூடிட்டுப் போங்க. இங்கிலாந்துல எம்ஏ பெரும்பாலும் ஒரே வருஷம், கெடைக்கற நேரம் ரொம்பக் கம்மி, போயி செட்டிலாகறதுக்குள்ள டிஸ்ப்ளே வந்துடும். அந்த ஒரு வருஷ டிகிரிக்கு இங்க ஈக்விவலன்ஸ் எப்படி, அதாவது நம்ம மாஸ்டர்ஸுக்கு சமமா எடுத்துக்குவாங்களான்னு சேர்றதுக்கு முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க, டீச்சிங் வேலை நோக்கம்னா இது ரொம்ப முக்கியம். இன்லாக்ஸ் ஸ்காலர்ஷிப் மாதிரி உள்ளத குறி வச்சு ரெண்டு மூணு வருஷம் தயார் பண்ணிப் போறவங்க இருக்காங்க, அது நல்ல வழி.

ஜெர்மனி பத்தி யாரும் சொல்றதில்ல. அங்க அரசு ஆர்ட் அகாடமிகள்ல பெரும்பாலும் டியூஷன் ஃபீஸே கெடையாது, பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல வெளிநாட்டுப் பசங்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. அங்க ஒரு புரொஃபஸரோட கிளாஸ்ல சேர்றீங்க, அவருக்கு உங்க வேலை புடிச்சாகணும், போர்ட்ஃபோலியோவ நேர்ல போயி காட்டி பேசறது அங்க வழக்கம். மறைஞ்ச செலவு என்னன்னா விசாவுக்கு ஒரு வருஷத்து சாப்பாட்டுக் காச பிளாக்ட் அக்கவுன்ட்ல (மாசாமாசம் கொஞ்சமா மட்டும் எடுக்க முடியற அக்கவுன்ட்) போட்டுக் காட்டணும், 2024 செப்டம்பர்ல இருந்து அது 11,904 யூரோ, நம்ம காசுக்கு பத்து லட்சத்துக்கு மேல. அப்புறம் ஜெர்மன் மொழி, கோயம்புத்தூர்ல போயி ஒரு வருஷமாவது கத்துக்கணும். பொறுமையும் கையில கொஞ்சம் காசும் இருக்கறவங்களுக்கு அமெரிக்காவவிட இது நூறு மடங்கு தேவலாம்.

யாருக்கு வெளிநாடு? ஏற்கனவே நாலஞ்சு வருஷம் தனியா வேலை பண்ணி, தன்னோட கேள்வி என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு. பிஎஃப்ஏ முடிச்ச சூட்டோட போனா அங்க எல்லாரும் "உன் ஊரு, உன் கலாச்சாரம்"னு கேக்கறப்ப கேட்டவங்களுக்குப் புடிக்கற மாதிரி ஒரு ஊர வரைஞ்சு குடுக்க ஆரம்பிச்சுடுவோம், அது நம்ம ஊரா இருக்காது.

## நாலு: டிகிரி வேண்டாம், ஊர்லயே

இத தோத்தவங்களோட வழியா நெனைக்காதீங்க. பேப்பர் தேவையில்ல, சுவர் இருக்கு, கை ஓடுதுன்னா இதுதான் ரொம்ப நேர்மையான வழி.

காசுக்கு கல்ச்சர் மினிஸ்ட்ரி இளம் கலைஞர் ஸ்காலர்ஷிப் இருக்கு, 18ல இருந்து 25 வயசு வரைக்கும், மாசம் 5,000, ரெண்டு வருஷம். 25ல இருந்து 40 வரைக்கும் ஜூனியர் ஃபெல்லோஷிப், மாசம் 10,000, அதுவும் ரெண்டு வருஷம். பெருசில்ல, ஆனா கேன்வாஸும் கலரும் வாங்கப் போதும். கணக்குப் போட்டுப் பாருங்க, காசு குடுத்து ரெண்டு வருஷம் படிக்கறதுக்குப் பதிலா காசு வாங்கிட்டு ரெண்டு வருஷம் வரையறீங்க. மெஷின் வேணும்னா சென்னை கிரீம்ஸ் ரோட்ல லலித் கலா அகாடமி ரீஜினல் சென்டர்ல கிராஃபிக்ஸ், சிற்பம், செராமிக்ஸ் ஸ்டுடியோ இருக்கு, அங்க போயி விசாரிங்க. கேரளா லலிதகலா அகாடமியோட வருஷாந்தரக் கண்காட்சிக்கும் வேலை அனுப்புங்க, நம்ம கேரளா அட்ரஸ் அங்கதான் உதவும்.

பாக்கறதுக்கு கொச்சி பியனாலேங்கற பெரிய கலைக் கண்காட்சி பக்கத்துல இருக்கு, 2012ல ஆரம்பிச்சதுல இருந்து ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு நாள் தங்கிப் பாக்கறேன், காலைல பாலக்காட்டுல ட்ரெயின் ஏறினா மத்தியானம் ஃபோர்ட் கொச்சி. பிஎஃப்ஏ படிக்கும்போதே ஸ்டூடன்ட்ஸ் பியனாலேல கலந்துக்கப் பாருங்க, காலேஜ விட்டா அந்த வாய்ப்பு போயிடும். அப்புறம் நம்ம ஜில்லாவுலயே பகவதி கோயில் கூத்துமாடத்துல விடிய விடிய தோல்பாவைக்கூத்து நடக்குது, மலையாள நாட்டுல கம்பராமாயணத் தமிழ்ப் பாட்டு, மான்தோல்ல ஓட்டை போட்டு வெளிச்சம் விடற அந்த வேலைய ஒரு பிரின்ட்மேக்கர் கண்ணோட போயிப் பாருங்க. நான் எம்எஃப்ஏக்கு வடக்க போனப்புறம்தான் அதோட அருமை தெரிஞ்சுது, இருவது வருஷம் பக்கத்துலயே இருந்தேன், ஒரு ராத்திரி முழுசா உக்காந்ததில்ல.

கொறையும் சொல்லணும். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. வீட்ல வந்து பாக்கறவங்க "நல்லா இருக்கு கண்ணு"ன்னு சொல்லுவாங்க, அது கேக்கறதுக்கு இதமா இருக்கும், வேலை நகராது. அப்புறம் வீட்ல நீங்க சும்மா இருக்கறதா நெனைப்பாங்க, ரேஷன் கடை, பேங்க், கல்யாண வீடு எல்லாத்துக்கும் உங்களத்தான் அனுப்புவாங்க. பொண்ணுங்களுக்கு இது இன்னும் மோசம். டிகிரில சேர்ந்திருக்காங்கற ஒரே காரணத்துனால கல்யாணப் பேச்சு ரெண்டு வருஷம் தள்ளிப் போறத நான் என் வீட்லயே பாத்தேன். அந்தக் காரணத்துக்காகவே ஒரு பொண்ணு ஹைதராபாத் போறேன்னா நான் தடுக்க மாட்டேன், அந்த ரெண்டு வருஷம் அவளுக்கு வேணும்.

இந்த வழி எடுக்கறவங்க ரெண்டு மூணு பேரா சேருங்க. நாங்க நாலு பேரு மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வீட்ல கூடி அந்த மாசத்து வேலைய சுவத்துல மாட்டி பேசறோம், வரைஞ்சவங்க மொத அரை மணி நேரம் வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஒரு விதி. ஜூரில கெடைச்சது முழுசா கெடைக்காது, பாதி கெடைக்குது.

## சட்டுனு ஒரு பார்வைக்கு

| | பக்கத்துக் காலேஜ் | பரோடா / சாந்திநிகேதன் / ஹைதராபாத் | வெளிநாடு | ஊர்லயே |
|---|---|---|---|---|
| காசு | கம்மி | ஃபீஸ் கம்மி, பயணமும் மெட்டீரியலும் அதிகம் | ஃபண்டிங் இல்லன்னா வேண்டாம் | ஸ்காலர்ஷிப் கெடைச்சா சமாளிக்கலாம் |
| கேள்வி கேக்கற ஆளு | பழைய முகங்க | ரொம்ப நல்லா | நல்லா, ஆனா ஊரு தெரியாதவங்க | நீங்களே சேக்கணும் |
| நெட், டீச்சிங் வேலை | ஆகும் | ஆகும் | ஈக்விவலன்ஸ் பாக்கணும் | ஆகாது |
| திரும்பி வந்தப்புறம் | தொடர்பு அறாது | மெஷின் இல்லாம தவிப்பு | கடன் இருந்தா வேலை நிக்கும் | மாற்றமே இல்ல |

எதுலயும் முடிவு வரலன்னா ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. மீனாட்சிபுரத்துப் பையன் ஒருத்தன் போன வருஷம் அப்படித்தான் தள்ளினான், பகல்ல ஒரு சைன்போர்டு கடைல வேலை, ராத்திரி வரையறான், சாக்கு மேல தார் வச்சு என்னமோ பண்ணிட்டு இருக்கான், அந்த வேலை அவன் பிஎஃப்ஏ வேலையவிட எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. அவன் இந்த வருஷம் ஹைதராபாத்துக்கும் பரோடாவுக்கும் போடறான்.

எனக்கு போர்ட்ஃபோலியோ அனுப்பறவங்க பதினஞ்சு இருவது வேலைக்கு மேல அனுப்ப வேண்டாம், அதுல கடைசி ஒரு வருஷத்து வேலை பாதியாவது இருக்கட்டும், காலேஜ்ல ஆள உக்கார வச்சு வரைஞ்ச லைஃப் ஸ்டடி ரெண்டு போதும். போட்டோவ காலைல ஒம்பது மணிக்குள்ள நெழல்ல வச்சு எடுங்க, ஃப்ளாஷ் போடாதீங்க, கேன்வாஸோட நாலு மூலையும் தெரியணும், பக்கத்துல சைஸும் எழுதிடுங்க.